அசையாத முள்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: லென்ஸ் விதி எக்காலத்திலும், எச்சூழ்நிலையிலும், எவரையும் கைவிடாது.

கீழே வரிசையில் நின்றபோது இப்படி முழங்கிய இயற்பியல் துறைத் தலைவர், இப்போது பதினைந்து மாடி உயரத்தில் கால் தொங்க உட்கார்ந்திருந்தார்.

கல்லூரிச் சுற்றுலா வந்த பொழுதுபோக்குப் பூங்காவில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"உச்சிக்குத் தூக்கிட்டுப் போய் கீழ போடற இந்த ராட்டினத்துக்கு பிரேக் கட்டையே கிடையாதாமே சார்?" என்று மாணவி பெனிட்டா கேட்டாள். அது போதாதா.

"எதுக்கும்மா கட்டை? சீட்டுக்குப் பின்னால காந்தம், கோபுரத்துல செம்புத் தகடு. காந்தம் விழும்போது தகட்டுல கரண்ட் பிறக்கும். பிறந்ததும் பெத்தவங்களையே எதிர்க்கும், உங்கள மாதிரி. விழறதத் தடுத்துடும். அதான் லென்ஸ் விதி. இதுல பயப்பட என்ன இருக்கு?"

மாணவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். முதல் இருக்கையை அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

கால்சட்டைக்குள் காற்று புகுந்து படபடத்தது. கீழே அவர்கள் வந்த பேருந்து தீப்பெட்டியாகக் கிடந்தது.

எதிர்க்கும். சரி.

கரண்ட் திசை மாறி ஓடினால்?

தடுக்காது. தள்ளும்.

அந்த எதிர்ப்பைக் காட்ட இருபது வருடமாகச் சமன்பாட்டுக்கு முன்னால் போட்டுவந்த மைனஸ் குறி. அந்தச் சின்னக் கோட்டின் மேல்தான் அவர் இப்போது உட்கார்ந்திருந்தார்.

அந்த எதிர்ப்பைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா என்று வயிறு கேட்டது.

இல்லை.

கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தால், மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் ஒரு பக்கம் போக வேண்டும். வெளியே இழுத்தால் மறுபக்கம். அவருடைய ஆய்வகத்து முள் நடுவிலேயே துருப்பிடித்து நின்றது, அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே. ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் காந்தத்தை நுழைப்பார்கள், இழுப்பார்கள், பிறகு நிமிர்ந்து அவரைப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு வருடமும் அவர் சொல்வார்:

"அசைஞ்சதுன்னு எழுதிக்கோங்க."

தலைக்கு மேல் ஏதோ 'டக்' என்றது.

விழுந்தார்.

குலதெய்வத்தின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவரைத் தாங்கிப் பிடித்தது. தரை மெதுவாக வந்து காலைத் தொட்டது.

இரண்டு பேர் சேர்ந்து, பிடிகம்பியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க சார்," என்றாள் பெனிட்டா. "பயப்படலைன்னு எழுதிக்கறோம்."