பூனைப் படம் போட்ட சிநேகிதி

பெயர் தக்ஷிதா. வயது பதினாறு. முகத்துக்குப் பதில் ஒரு பூனைப் படம்.

அத்தனையும் பொய். அடுப்படியில் நின்று போனில் அந்தக் கணக்கைத் திறந்தவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

மகள் பக்கத்து அறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. பத்தாவது முடித்ததிலிருந்து இப்படித்தான். சரியான தூக்கமில்லை. எதைக் கேட்டாலும் ஒரு 'ம்'. எந்நேரமும் கையில் போன்.

காதலாகத்தான் இருக்கும் என்று அம்மா நினைத்தாள். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இந்தப் பூனை வேஷம்.

மகள் தக்ஷிதாவை உடனே சிநேகிதியாகச் சேர்த்துக்கொண்டாள். அவள் கணக்கில் காதலைக் காணோம்.

பெண்பிள்ளைகள் இருந்தார்கள். பல்லைக் கேலி செய்து எழுதிவிட்டார்கள் என்று அழுகிறவள். கறுப்பி என்று சொல்லிவிட்டார்கள், இனி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறவள். கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டவள்.

ஒருத்தி விடாமல் மகள் பதில் எழுதியிருந்தாள்.

"நான் முழிச்சுதான் இருக்கேன். நீ சொல்லு."

"போனை வச்சிராத. பேசிக்கிட்டே இரு."

பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றவள் மறுநாள் காலை ஒரு படம் போட்டிருந்தாள். சீருடையில் நின்றாள். உன்னால்தான் அக்கா என்று கீழே எழுதியிருந்தாள்.

அம்மா மலைத்துப்போனாள். இவ்வளவு பெரிய மனசை நானா பெற்றேன்?

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

அப்போது மகளின் புதுப் பதிவு வந்தது.

"இன்னிக்கு எனக்கே முடியல. எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாச்சும் போயிடலாம்னு இருக்கு."

ஹார்ட்டுகள் குவிந்தன. என்ன ஏது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

அம்மாவுக்குத் தக்ஷிதா என்ன எழுதுவாள் என்று யோசிக்கத் தோன்றவில்லை. அந்த வயதுப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள் என்பதும் மறந்துபோயிற்று. தமிழ் எழுத்தில், தான் பேசுகிறபடியே அனுப்பினாள்.

"சாப்புட்டயா கண்ணு?"

அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

வேவு பார்த்த அம்மாவை எந்தப் பிள்ளை மன்னிக்கும்? இனி அந்த 'ம்'கூடக் கிடைக்காது.

மகள் படித்துவிட்டாள் என்று திரை காட்டியது.

பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. தாழ்ப்பாள் விலகியது.

மகள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இல்லம்மா," என்றாள்.