சிவப்பு ஸ்டிக்கர்

"ஒன்பது பேர் போயிருக்கணும். மூணு பேர்தான் போயிருக்காங்க."

பெரிய டாக்டர் தாளை மேசைமேல் வீசினார். எதிரே நின்ற சின்ன டாக்டர், பிழைத்துக்கொண்ட அந்த ஆறு பேருக்காகவும் தானே மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று யோசிப்பவர் போல முழித்தார்.

பன்னிரண்டு கட்டில் கொண்ட தீவிர சிகிச்சைப் பிரிவு அது. பெரிய டாக்டருக்கு அங்கே 'கணக்கு டாக்டர்' என்று பெயர். அவர் காதுபடச் சொல்வதில்லை, அவ்வளவுதான். நோயாளி வந்து சேர்ந்ததும் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, அதிலுள்ள சர்க்கரையையும் கொழுப்பையும் வைத்து ஒரு கணக்குப் போடுவார். உடம்பு இன்சுலின் பேச்சை எவ்வளவு தூரம் கேட்க மறுக்கிறது என்பதற்கு அந்த எண் ஒரு அடையாளம். எண் ஏற ஏற, ஆள் தேறுவது சந்தேகம். இதுதான் அவருடைய ஆராய்ச்சி. அடுத்த மாதம் வெளிநாட்டுக் கருத்தரங்கில் படிக்கப்போகிறார். புது கோட்டுகூடத் தைத்தாகிவிட்டது.

முதல் நாலு மாதம் நோயாளிகள் நல்லபடியாகத்தான் ஒத்துழைத்தார்கள். எண் அதிகமானவர்கள் சொல்லிவைத்தாற்போல் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி இரண்டு மாதமாகத்தான் தகராறு.

"லேப்ல மெஷின் கோளாறா?"

"பாத்துட்டேன் சார். சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் சாக மாட்டேங்கறாங்க?"

"சார், உங்க கோட்டுக் கையில என்னமோ ஒட்டியிருக்கு" என்றார் சின்ன டாக்டர்.

சிவப்பாக, வட்டமாக, ஃபைல்களில் ஒட்டுகிற ஸ்டிக்கர். காலையில் ஒரு கட்டிலின் கம்பியில் கை ஊன்றி நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது. நேரே வார்டுக்குப் போய்க் கட்டில் கட்டிலாகப் பார்த்தார். மூன்று கட்டில்களில் அதே ஸ்டிக்கர். மூன்றும் எண் அதிகமானவர்களின் கட்டில்கள். முகம் மறந்தாலும் எண் மறக்காதவர் அவர்.

"சிஸ்டர், என்ன இதெல்லாம்?"

தலைமை நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஓய்வுக்கு ஒரு வருஷம் பாக்கி.

"நீங்கதானே சார் சொன்னீங்க, இந்த எண் ஏறினா ஆபத்துன்னு? அதான் அடையாளத்துக்கு ஒட்டி வெச்சேன். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பாக்கறத இவங்களுக்கு மட்டும் ரெண்டு மணி நேரமாக்கினோம். லேசா உடம்பு சுட்டாலும் ட்யூட்டி டாக்டரைக் கூப்பிட்டுடுவோம்."

கணக்கு டாக்டருக்குத் தலை சுற்றியது. ஆறு மாத உழைப்பு.

"சிஸ்டர், நான் அந்த எண்ணைப் போடறது யாரு போவாங்கன்னு தெரிஞ்சுக்க. தடுத்து நிறுத்தறதுக்கு இல்ல."

சொன்னதில் ஏதும் தப்பு இருப்பதாக அவருக்குப் படவில்லை. அன்று மாலையே எழுத்தில் உத்தரவு போட்டுத் தலைமை நர்ஸிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். எல்லா நோயாளிக்கும் ஒரே அளவு கவனிப்பு. ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு என்பதே கூடாது.

"இனிமே அந்த ஸ்டிக்கர் என் கண்ணுல பட்டுச்சுன்னா, உங்க ஓய்வூதியப் பேப்பர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"உங்க கண்ணுல படாது சார்" என்றார் தலைமை நர்ஸ்.

படவும் இல்லை. அதன் பிறகு வார்டுக்கு வந்தால் அவர் தாளை விட்டுத் தலை நிமிர்ந்தால்தானே.

மூன்று வாரம் கழித்து அவருடைய அப்பாவை மூச்சுத் திணறலோடு கொண்டுவந்து ஏழாம் கட்டிலில் சேர்த்தார்கள். நுரையீரலில் கிருமி. பழைய சர்க்கரைக்காரர். மறுநாள் காலை சின்ன டாக்டர் லேப் சீட்டை நீட்டினார்.

கணக்கு டாக்டர் கணக்குப் போட்டார். அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

"வெறும் வயித்துலதான் எடுத்தாங்களா?"

"ஆமா சார்."

"மெஷின்..."

"சரியா இருக்கு சார்."

அவர் ஆராய்ச்சியில் இதுவரை இவ்வளவு பெரிய எண் வந்ததில்லை. அவர் வரைந்து வைத்திருந்த வரைபடத்தில் அந்தக் கோடு எங்கே போய் முட்டும் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். பயந்துபோனார். எத்தனையோ பேர் வீட்டாரிடம் இந்த மாதிரி எண்ணை நிதானமாகச் சொன்னவர்தான்.

வார்டில் ஆள் இல்லாத மூலையாகப் பார்த்துத் தலைமை நர்ஸை ஒதுக்கிக் கூப்பிட்டார்.

"சிஸ்டர்... அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் ஒண்ணு இருக்குமா?"

"தீந்துபோச்சு சார்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "நான் வேணா வாங்கிட்டு வந்துடறேன். அப்பா கட்டிலுக்கு மட்டும்..."

"வேண்டாம் சார். அப்பா கட்டில்ல ஒட்டியிருக்கு. காலடிப் பக்கம், கம்பிக்கு உள்ள."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. சட்டென்று ஒரு சந்தேகமும் வந்தது.

"எண் இப்பத்தானே வந்துச்சு. அதுக்குள்ள உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணை யாரு சார் பாத்தா? ஒருத்தருக்கு அதிகம், ஒருத்தருக்குக் குறைவு கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? அன்னிக்கே பன்னெண்டு கட்டிலுக்கும் ஒட்டிட்டோம். அதுலதான் தீந்துபோச்சு."