தேக்கிலைப் பத்திரிகை

அணில்களின் தோப்பைக் காட்டுப்பூனைகள் பிடித்துக்கொண்ட காலம் அது. எந்த அணிலும் முதுகுக் கோடு தெரிய நடமாடக் கூடாது, சேறு பூசி மறைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டன. அணில்களும் பூசிக்கொண்டன. கோடு என்றால் என்னவென்றே குட்டிகளுக்குத் தெரியாமல் போயிற்று.

மரத்தடி வளையில் குடியிருந்த சுண்டெலிக்கு மனசு பொறுக்கவில்லை. உதிர்ந்த தேக்கிலைகளை உள்ளே இழுத்துப்போட்டு, பல்லால் எழுத்தெழுத்தாகக் கொறித்துப் பத்திரிகை நடத்த ஆரம்பித்தது. கூடு கட்டக் கொண்டுபோவதுபோல அணில்கள் இலையைக் கவ்விக்கொண்டு போகும். படித்ததும் கிழித்துக் குட்டிகளுக்கு மெத்தையாகப் போட்டுவிடும்.

‘முதுகில் கோடு உள்ளவர்க்கே இந்தத் தோப்பு!’ என்று ஒருநாள் தலைப்புப் போட்டது. அதைக் கொறித்தபோது சுண்டெலிக்குத் தன் முதுகு ஞாபகத்துக்கே வரவில்லை. அந்தத் தலைப்பைப் படித்துத்தான் அணில்கள் திரண்டு எழுந்தன. பூனைகள் தோப்பைக் காலிசெய்துகொண்டு ஓடின.

அணில்கள் சேற்றைக் கழுவிவிட்டு விழா எடுத்தன. சுண்டெலியும் ஆசையாகப் புறப்பட்டுப் போனது. தினமும் அதனிடம் இலை வாங்கிப்போன அணில்தான் வாசலில் காவல் நின்றது.

“அண்ணே, முதுகைக் கொஞ்சம் காட்டுங்க.”

“என்னைத் தெரியலையா தம்பி? பத்திரிகை நடத்தினவன்.”

“தெரியாம என்னண்ணே? நீங்க எழுதினதைத்தான் சட்டமாப் போட்டிருக்கோம்” என்று வழியை மறித்துக்கொண்டது அணில்.

உள்ளே குட்டி அணில்கள் அந்தத் தலைப்பைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தன. சுண்டெலி வெளியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. ஒரு சொல்கூட மாறவில்லை.