நாற்பது நெய்ப்பந்தம்

ஒரு கிழவிக்கு எத்தனை பேரன்கள் இருக்க முடியும், சொல்லுங்கள்? சீனியம்மாளுக்கு ஒரே பேரன்தான், முத்திருளன். தாயில்லாப் பிள்ளையை அவள்தான் வளர்த்தாள். அவன் மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தான். லீவு கிடைக்காததால் அவள் சாவைப் போனில்தான் பார்த்தான். ஊரில் வீடியோ கால் போட்டுப் போனைப் பிடித்திருந்தவன் அவன் கூட்டாளி வெள்ளைச்சாமி.

"பேரன்மாரு நெய்ப்பந்தம் பிடிக்க வாங்கய்யா" என்று சடங்கு செய்பவர் கூப்பிட்டார். தெருவே எழுந்து வந்தது. அறுபது வயது மீன்காரர் அந்தோணியும் வந்து வரிசையில் நின்றார்.

"கெழவி ஒத்தப் பிள்ளைதான பெத்தா? இத்தன பேரன் எங்கேருந்துய்யா வந்தீக?" என்றார் சடங்கு செய்பவர்.

"காய்ச்சலுக்கு அவ கஞ்சி ஊத்துன அம்புட்டுப் பேரும் பேரன்தான். பேசாமப் பத்தவைய்யா" என்றார் அந்தோணி.

பந்தங்கள் தீர்ந்துபோயின. பழைய வேட்டியைக் கிழித்துக் குச்சிகளில் சுற்றி நெய்யில் முக்கினார்கள். நாற்பது தீ அவளைச் சுற்றி நகரத் தொடங்கியது.

"மாப்ள, எனக்கு ஒண்ணு வச்சிருக்கீகளாடா?" என்றான் முத்திருளன்.

கொட்டுச் சத்தத்தில் வெள்ளைச்சாமிக்கு அது கேட்கவில்லை. ஒரு கையில் போனும் மறுகையில் தன் பந்தமுமாக அவனும் சுற்றிக்கொண்டிருந்தான். போனுக்குள் இருந்தபடியே முத்திருளனும் பாட்டியை மூன்று சுற்றுச் சுற்றினான், நெருப்பில்லாமல். இன்னொரு முறை கேட்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை பால் தெளிக்கப் போனவர்கள் சுடுகாட்டிலிருந்து முத்திருளனைப் போனில் அழைத்தார்கள். அவன் சாரத்தின் மேல் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தான். போன் கீழே பையில் அடித்துக்கொண்டே கிடந்தது.