சுப்பராயலுவின் ரம்பம்

இது நடந்தது போன சித்திரையிலா, வைகாசியிலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாடம்பாக்கத்தில் ஒரு தெருவுக்குப் பெயர் வைக்கக் குடியிருப்போர் கூடினார்கள். முதலில் இங்கே காடு வெட்டிக் குடியேறியவரின் பெயர் என்று முடிவானது.

அது தன் தாத்தா முனுசாமிதான் என்பதில் சுப்பராயலுவுக்குச் சந்தேகமே இல்லை.

"எங்க தாத்தாவும் இங்க மரம் வெட்டினார்னு அப்பா சொல்வார்," என்றார் பக்கத்து வீட்டு எலியேசர், ஓய்வுபெற்ற ஆசிரியர்.

"நீ நேத்து வந்தவரு வாத்தியாரே. ஆதாரம் எதுனா கீதா?"

"இல்லை."

"எங்கிட்ட கீது."

சுப்பராயலு வீட்டுக்குப் போய் ஆளுயர ரம்பத்தைத் தூக்கி வந்தார். இரு முனையிலும் இருந்த மரப்பிடிகளில், ஆயுத பூஜைதோறும் பூசிய சந்தனமும் குங்குமமும் அடையாக அப்பியிருந்தன.

"ஒண்டி ஆளா மொத்தக் காட்டையும் சாய்ச்சாரு!"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயசீலி சிரித்தார். "ஒண்டி ஆளு எப்படிண்ணா ரெண்டு பிடியையும் இழுப்பாரு?"

"அந்தாண்ட எவனோ கூலியாளு. அவன் பேரு யாருக்கும்மா தெரியும்?"

ஜெயசீலி ஈரத்துணியால் ஒரு பிடியைத் துடைத்தார். கத்தியால் கீறிய எழுத்துகள் தெரிந்தன: முனுசாமி.

"பாத்தியா! அதையும் தொடைம்மா. அதுலயும் தாத்தா பேருதான் இருக்கும்."

துடைத்தார். 'எலியேசர்' என்றிருந்தது.



"எனக்கு எங்க தாத்தா பேரைத்தான் வெச்சாங்க," என்றார் வாத்தியார் மெதுவாக.

இரண்டு பெயரையும் எழுதலாம் என்று அன்றே முடிவானது. யார் பெயர் முதலில் என்பது இன்னும் முடிவாகவில்லை. பலகை வெள்ளையாக நிற்கிறது. சுப்பராயலுவும் வாத்தியாரும் தினமும் காலையில் அதன் கீழே நின்று சண்டை போடுகிறார்கள். ஜெயசீலி செயலாளர் பதவியை விட்டுவிட்டார்.