கண்ணாடியில் கருப்பசாமி

"நம்ம புள்ளையா இது?" என்று பெரியண்ணன் மனைவியின் காதோரம் கேட்டார்.

பாப்பம்மாள் கண்ணாடிச் சிலையின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"இது எம் புள்ள இல்ல."

"அதானே!" என்றார் பெரியண்ணன், திறப்பு விழா ஹால் முழுக்கக் கேட்கும்படி.

சிலையைச் செய்த செல்வராஜ் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

எழுபத்தொன்றாம் வருஷப் பாகிஸ்தான் சண்டையில் உயிர்விட்ட அவர்கள் மகன் கருப்பசாமிக்கு, அவன் வளர்ந்த டெல்லி மோதி பாக்கில் ஒரு சிலை. தமிழ்ச் சங்கத்தின் ஏற்பாடு. கல் வேண்டாம், கண்ணாடியில் வார்க்கலாம் என்று சங்கச் செயலாளர் ராஜாராமனிடம் செல்வராஜ் ஒரு வருஷம் நடையாய் நடந்து வாங்கிய வேலை அது.

பதின்மூன்று வருஷமாகக் கண்ணாடி வார்க்கிறான் செல்வராஜ். "பேப்பர் வெயிட்டா?" என்று கேட்டவர்களைத் தவிர டெல்லியில் யாரும் அவனைச் சீண்டியதில்லை. இதுதான் முதல் வாய்ப்பு.

ஜனக்புரி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உலை. அச்சில் உருகிய கண்ணாடி பத்து நாள் மெல்ல மெல்ல ஆறவேண்டும். சூடு சட்டென்று இறங்கினால் விரிசல்தான். மூன்று முகங்கள் அப்படிப் போயின. நாலாவது முழுசாக வந்தபோது வாய்விட்டு அழுதான்.

"பெத்தவங்களே இல்லைன்னுட்டாங்க. இனி யாரு மாலை போடுவா?" ராஜாராமன் கையை விரித்தார். "கமிட்டி சிலையே வேண்டாம்னுடுச்சு. எடுத்துட்டுப் போயிடுங்க."

அன்றிலிருந்து செல்வராஜ் உலை மூட்டவில்லை. ஒரு வாரம் கழித்து, பெரியண்ணன் ஆபீஸ் போயிருந்த மத்தியானம், அவர்கள் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினான்.

"எங்கம்மா தப்பு? கண்ணா? மூக்கா? அதையாவது சொல்லுங்க."

பாப்பம்மாள் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஒரு தப்பும் இல்ல தம்பி. புருவத்துல இருந்த தழும்புகூட அப்படியே இருக்கு. அவனேதான்."

"அப்புறம் ஏம்மா என்னை இப்படிச் சாகடிச்சீங்க?"

"அவன் உடம்பு வரல தம்பி. காணோம்னு தந்திதான் வந்துச்சு. ரேஷன் கார்டுல அவன் பேரை அடிக்க இவரு இன்னும் விடல. பிடிச்சுட்டுப் போயிருப்பாங்க, என்னைக்காவது விட்டுருவாங்கன்னு சொல்லிக்கிட்டேதான் ஆபீஸ் போயிட்டு வர்றாரு. அந்தச் சிலைக்குக் கீழ 'மறைந்த'ன்னு எழுதியிருந்துச்சே... அவன்தான்னு நான் சொல்லியிருந்தா, அன்னைக்கே அவரு உசுரு போயிருக்கும்."

செல்வராஜ் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ராஜாராமன் பிடித்துக்கொண்டார்.

"ஊரெல்லாம் என்னைத் திட்டறாங்க, செல்வராஜ். நிஜத்தைச் சொல்லுங்க. முகத்தை ஒழுங்காத்தான் செஞ்சீங்களா?"

இதற்குச் சொல்லும் பதிலோடு, இனி தன்னை நம்பி யாரும் எந்த வேலையும் தரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"இல்லை சார்," என்றான் செல்வராஜ். "கோட்டை விட்டுட்டேன். அது கருப்பசாமியே இல்லை."