சி ரூசாவில் ஒரு மலிவான வீடு

அப்துல் மஜீத் ரொட்டி சானாயின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

ஐந்து விரலும் ரொட்டிக்குள் அடங்கின. கட்டை விரல் பக்கம் கொஞ்சம் இடம்கூட மிச்சமிருந்தது.

“சி ரூசா பரவாயில்ல,” என்றார் எதிரே இருந்த மனைவியிடம்.

ஹபீபுன்னிசா தலையாட்டிக்கொண்டே தன் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார். கணவர் அளந்து முடிக்கும்வரை காத்திருந்தால் ஆறிவிடும்.

ரந்தாவ் டவுனில் வெகுகாலம் சாப்பாட்டுக் கடை நடத்தியவர் அப்துல் மஜீத். ஓர் ஊரில் வாழ என்ன செலவாகும் என்பதை அந்த ஊர் ரொட்டியும் தேத்தண்ணியும் சொல்லிவிடும் என்பது அவருடைய கட்சி. வாடகை விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ரொட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

சிரம்பானில், ரஹாங் கடையில் ரொட்டி அவருடைய கட்டை விரலை வெளியே விட்டுவிட்டது. தேத்தண்ணியில் நுரை அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார். அடங்கியதும் கிளாஸில் பாதிதான் இருந்தது. நுரைக்குக் காசு கொடுத்துக் குடும்பம் நடத்த முடியாது என்று எழுந்துவிட்டார். சிரம்பான் மொத்தமும் அந்த ஒரு கிளாஸோடு போயிற்று.

இத்தனைக்கும் கோலா சாவாவில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, அவர்களுக்குச் சொந்த வீடு இருந்தது. வாடகை கிடையாது. ஆனால் அங்கே செலவு ஏறுவதை அவர் கண்கூடாகப் பார்த்தார். கண்ணில் புரை விழுந்து, காடி ஓட்டுவதை நிறுத்தி, கடையையும் விற்றுவிட்டவருக்குச் செலவு மட்டும் நன்றாகத் தெரிந்தது. பகலெல்லாம் வீட்டிலேயே இருந்தார் அல்லவா.

வாசலில் ஹபீபுன்னிசா தோட்டத்து வேலையாட்களுக்குத் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்றார். வேலைக்குப் போகிறவர்கள் அங்கேதான் பசியாறுவார்கள். அப்துல் மஜீத் உதவிக்கு இறங்கினார். முதலில், பாதி முட்டையைக் கால் முட்டையாக்கினார். பிறகு நெத்திலியை எண்ணிப் போட்டார். வெயிலில் நின்று சாப்பிடுகிறவர்களுக்காக ஓடிய மின்விசிறியை நிறுத்தினார்.

கூட்டம் குறைந்தது. சம்பல் சட்டி மத்தியானம்வரை நிறைந்தே இருந்தது. அதையும் அவர் சேமிப்பில் சேர்த்துக்கொண்டார்.

“இந்த ஊரு நமக்குக் கட்டுப்படியாகாது,” என்று அவர் சொன்னபோது ஹபீபுன்னிசா மறுத்துப் பேசவில்லை. சி ரூசாவில் ஒரு மாடி வீடு காலியாக இருக்கிறது என்ற தகவலைக் கொண்டுவந்ததே மனைவிதான். இன்றைக்குத் தன் பழைய காடியில் கணவரை உட்காரவைத்து ஓட்டி வந்ததும் அவர்தான்.

பசியாறிவிட்டு இருவரும் வீட்டைப் பார்க்கப் போனார்கள். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா தனலெட்சுமி மாடிக் கதவைத் திறந்துவிட்டார்.

ஓர் அறை, ஓரமாய் ஓர் அடுப்பு, சன்னலில் ஒரு துண்டு கடல்.

அப்துல் மஜீத் குழாயைத் திறந்து தண்ணீரின் தடிமனை விரலால் பார்த்தார். சன்னலில் தலையை நீட்டிக் காற்றை முகர்ந்தார்.

“கடல் காத்துல உப்பு இருக்குமேம்மா. சட்டைக்கு ஆயுசு கொறையுமா?”

தனலெட்சுமி கீழே கொடியில் காயும் தன் துணிகளை எட்டிப் பார்த்தார்.

ஹபீபுன்னிசாவும் கேள்வி கேட்டார். தெருமுனைக் கடையில் பாதி ரொட்டி தனியாக விற்பார்களா? பள்ளிவாசலுக்கு நடந்தே போய்விடலாமா? ராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் கிளினிக் எவ்வளவு தூரம்? படிக்கட்டில் விளக்கு உண்டா?

அப்துல் மஜீத்துக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருடம் கழித்தாவது தன் சூதானம் மனைவிக்கும் ஒட்டிக்கொண்டதே.

“எத்தன பேரு இருப்பீங்க?” என்று கேட்டார் தனலெட்சுமி.

அப்துல் மஜீத் இரண்டு விரலை உயர்த்தினார்.

“ஒருத்தர்தாம்மா,” என்றார் ஹபீபுன்னிசா. “அவங்க மட்டும்.”

விரல்கள் அப்படியே நின்றன.

“நல்லா கணக்குப் போட்டுப் பாத்துட்டேங்க,” என்று ஹபீபுன்னிசா கணவர் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. “நீங்க இங்க இருந்தா, ரெண்டு வீட்டுச் செலவு போக மிச்சம் வருதுலா. வெள்ளிக்கெழம தொழுதுட்டு அங்க வந்துருங்க. சோறாக்கி வைக்கிறேன்.”

சொல்லிவிட்டு, வெயிலில் நிற்கும் காடியை நிழலுக்கு மாற்றக் கீழே இறங்கிப் போனார்.

அப்துல் மஜீத் அந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்தார். முட்டையைப் பாதியாகவே வைத்தார். நெத்திலியை அள்ளிப் போட்டார். மின்விசிறியை ஓடவிட்டார். வாசல் நிறைய ஆட்களை நிறுத்தினார். இங்கே வாடகையைக் கழித்தார். திரும்பவும் முதலிலிருந்து போட்டார்.

எங்கேயும் தப்பு இல்லை.

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். கடல் மங்கலாகத் தெரிந்தது. புரைதான் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு, மனைவி மேலே வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்பதுபோல, தணிந்த குரலில் கேட்டார்.

“இங்கேருந்து கோலா சாவாவுக்கு பஸ் இருக்காம்மா?”

தனலெட்சுமி அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

“அக்கா ஒங்ககிட்ட சொல்லலயா, பாய்? போன வாரமே வந்தாங்களே. காடிய வீட்டுல விட்டுட்டு, பஸ்லயே வந்து, வாசல்ல நின்னபடியே வீடு காலியான்னு கேட்டுட்டு, பஸ்லயே திரும்பிப் போனாங்க. நடுவுல ஒரு எடத்துல எறங்கி மாறணுமாம். ஒங்களுக்கு ஒக்கார எடம் கெடைக்கும், பஸ் படி ஒயரமில்லன்னு சொன்னாங்க.”